ஓவர்கோட் சார் போட்ட கொலைக்காட்சி

ஜூலை மாத வெயிலில் ஓவர்கோட் போட்டுக்கொண்டு நடமாடிய ஒரே மனிதர், உலகத்திலேயே எங்கள் ஓவர்கோட் சார்தான். எழுபதுகளின் ஆரம்பத்தில், கெபெக் மாகாணத்துச் சென்ட் லோரன்டில் விமான உதிரி பாகம் செய்யும் தொழிற்சாலையில் எனக்கு மேலதிகாரி. அவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்தது, யாரும் கூப்பிட்டதில்லை.

பழைய கறுப்பு வெள்ளைக் கொலைப் படங்கள் என்றால் அவருக்கு உயிர். மழை, தொப்பி, சிகரெட் புகை, சுவரில் நீளமாக ஒரு நிழல். ரொக்ஸ்பரோவில் அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போனால் மூலையில் ஒரே ஒரு விளக்குதான் எரியும்.

"லைட்டைப் போடுங்களேன், ரசமா சாம்பாரான்னே தெரியலை" என்பார் மாமி.

"தெரிஞ்சுட்டா சஸ்பென்ஸ் போயிடும்" என்பார் சார்.

அவருடைய இன்னொரு பைத்தியம் டிரம் கோர். முரசு, பித்தளை ஊதுகுழல், கொடி சகிதமாக ஐம்பது அறுபது பேர் மைதானத்தில் வாசித்துக்கொண்டே அணிவகுத்துக் கோலம் போடுவார்கள். எங்கள் வட்டாரக் குழுவுக்கு அந்தக் கோலத்தை வரைந்து கொடுப்பவர் சார். வாடகை அறையில் சனி ஞாயிறு பேச்சுத் துணையில்லாமல் கிடந்த என்னையும் இழுத்துப்போய்க் கையில் பெரிய ஜால்ராவைக் கொடுத்தார். ஆபீசில் சிரித்தார்கள்.

ஜால்ரா வந்தது, நடைதான் வரவில்லை. எல்லாரும் இடது காலை வைக்கும்போது எனக்கு வலது கால்தான் கிளம்பும். அப்போதெல்லாம் நடுவர்கள் மைதானத்துக்குள்ளேயே கூட நடந்து தப்புக்குத் தப்பு மார்க் குறைப்பார்கள். ஒருத்தர் என்னை விட்டு நகரவே மாட்டார். சீசன் முடிந்ததும், பிரெஞ்சு பேசும் கெபெக்காரரான எங்கள் பயிற்சியாளர், அடுத்த கோடையில் நான் வேண்டாம் என்று சாரிடம் சொல்லிவிட்டார். அந்த ஊரில் எனக்கிருந்த நாலு சிநேகிதர்களும் அந்தக் குழுவில்தான்.

சார் குளிர்காலம் முழுக்க மூலை விளக்கடியில் உட்கார்ந்து வரைந்தார்.

"இந்த வருஷம் கொலைப்படம்யா. எல்லாருக்கும் ஓவர்கோட், தொப்பி. ஆரம்பத்துல நேரக் கணக்குக்கு நடுவர் வெத்துத் துப்பாக்கி சுடுவார்ல, அந்தச் சத்தத்துல ஒருத்தன் செத்து விழறான். மத்தவங்க அவனைச் சுத்திச் சுத்தி வந்து கொலைகாரனைத் தேடறாங்க."

"யார் சார் சாகறது?"

"நீதான். செத்தவனுக்கு இடது கால் என்ன, வலது கால் என்ன?"

பயிற்சியாளர் சம்மதித்தார். ஆனால் பிணத்தால் ஒரு மார்க் போனாலும் பிணம் வீட்டுக்குப் போக வேண்டும் என்றார்.

முதல் போட்டி. துப்பாக்கி வெடித்தது, விழுந்தேன். உலகத்தில் யாரும் அத்தனை சுத்தமாகச் செத்திருக்க மாட்டார்கள். ஒரு நடுவர் நிஜமாகவே பயந்துபோய்க் குனிந்து, "சா வா, மெஸ்யூ?" என்று நலம் விசாரித்தார். வளர்ப்பு அப்படி, படுத்தபடியே "சா வா, மெர்சி", நல்லாயிருக்கேன், நன்றி என்று சொல்லித் தொலைத்தேன்.

பிணம் பேசியதற்கு மார்க் போயிற்று. பயிற்சியாளர் என்னைப் பார்த்த பார்வையில் நான் இரண்டாம் முறை செத்தேன். ஆட்டம் முடிந்ததும் சார் ஓவர்கோட் பறக்க நடுவரிடம் ஓடினார்.

"இந்த மாதிரிப் படத்துல செத்தவன்தான் சார் கதையே சொல்லுவான். அவன் பேசினது தப்பில்லை, பேசாம இருந்திருந்தாத்தான் தப்பு" என்று ஆங்கிலத்திலும் அரைகுறை பிரெஞ்சிலும் வாதாடினார். நடுவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு மார்க்கைத் திருப்பிக் கொடுத்தார். நான் குழுவில் தங்கினேன்.

நன்றி சொன்னபோது, "போய்யா, எனக்கு ஒரு பிணம் வேண்டியிருந்துது" என்றார்.

மாமிதான் பிற்பாடு சொன்னார். அந்தப் படங்களில் ஆளைச் சுடும் கட்டம் வந்தால் சார் கண்ணை இறுக மூடிக்கொள்வாராம். அப்படிப்பட்ட மனிதர் அந்தக் கோடை முழுக்க, நான் விழும்போதெல்லாம் மைதானத்து ஓரத்தில் கண்ணைத் திறந்தபடி நின்றார், எனக்கு அடிகிடி பட்டுவிட்டதா என்று பார்த்துக்கொண்டு.