குடும்ப விழா

"அந்த வார்த்தையை மட்டும் எடுத்துடும்மா" என்றார் சடகோபன். ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபத்தின் சொந்தக்காரர்.

"எந்த வார்த்தைங்க?" என்று தெரியாதவள் போலக் கேட்டாள் லூர்துராணி.

"அதான், கட்டுப்பாடு. இங்கே வரவாளையெல்லாம் நல்ல சந்தானம் உண்டாகட்டும்னு ஆசீர்வாதம் பண்ணி அனுப்பறோம். வாசல்லே 'குடும்பக் கட்டுப்பாடு'ன்னு துணி கட்டினா அடுத்த முகூர்த்தத்துக்கு யார் வருவா?"

லூர்துராணி குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசார அலுவலகத்தில் தற்காலிக உதவியாளர். வீட்டில் முதல் பி.ஏ. ஏழு பிள்ளைகளில் மூத்தவள். தம்பி தங்கைகளுக்கு மூக்குச் சிந்திவிட்ட கையோடு பரீட்சைக்குப் படித்தவள். ஆகவே இந்த விஷயத்தில் அவளுக்குச் சொந்தக் கருத்துகள் நிறைய உண்டு. சொல்லத்தான் அனுமதியில்லை. கல்யாணமாகாத பெண் மேடையில் அதைப் பேசக்கூடாதாம். எழுதிக் கொடுக்கலாம், ஆண்கள் வாசிப்பார்கள்.

'இரண்டு பிள்ளை போதுமா?' என்று இந்த மண்டபத்தில் இன்று நடக்கும் பட்டிமன்றம் கலாட்டா இல்லாமல் முடிந்தால் வேலை நிரந்தரமாகும். முடியாவிட்டால், அம்மா பார்த்து வைத்திருக்கும் மாப்பிள்ளை தயார். காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி. மனைவி இறந்து நாலு பிள்ளைகள். "பிள்ளைங்கன்னா அவருக்கு உசுரு" என்று அம்மா அதையும் ஒரு தகுதியாகச் சொன்னாள்.

அவள் மேலதிகாரி செபஸ்தியானிடம் போனாள்.

"கட்டுப்பாடு வேண்டாம்மா" என்றார் அவர். "சர்க்கார் மிரட்டுதுன்னு எதிர்க்கட்சி கிளம்பும். 'குடும்பத் திட்டம்'னு எழுது."

எழுதினாள். அவரே தள்ளி நின்று பார்த்தார்.

"திட்டம்னா, அப்ப நடக்காதுன்னு ஜனங்க சிரிப்பாங்க. அதையும் எடு. 'குடும்ப விழா'ன்னு போடு."

"சார், அப்ப எதுக்குக் கூட்டம்னு யாருக்குமே புரியாதே?"

"அதான் பாதுகாப்பு."

சுவரொட்டியும் அப்படியே ஒட்டப்பட்டது. விளைவு, மாலை நான்கு மணிக்குத் தெரிந்தது. குடும்ப விழா என்றதும் ஊர் ஜனம் குடும்பத்தோடு வந்தது. கைக்குழந்தை, நடைக்குழந்தை, வயிற்றில் இருந்தது எல்லாம் சேர்த்து.

அந்தக் கூட்டத்தில் வள்ளிக்கண்ணுவும் இருந்தாள். 'இரண்டு பிள்ளைகள் போதும்' என்று பேசவிருந்த வார்டு கவுன்சிலர் அழகிரியின் மனைவி. கையில் ஒன்றும் பின்னால் வரிசையாக எட்டுமாக ஒன்பது பிள்ளைகள்.

லூர்துராணி அழகிரியிடம் ஓடினாள். "அண்ணே, இவங்களை ஏன் கூட்டிட்டு வந்தீங்க?"

"நான் எங்கம்மா கூட்டிட்டு வந்தேன்? சுவத்துல பார்த்துட்டு அவளா ஜட்கா வண்டி வச்சு ரெண்டு நடையா வந்திருக்கா."

"ரெண்டு போதும்னு பேசப் போறீங்க. ஒன்பதைப் பார்த்தா சிரிக்க மாட்டாங்களா?"

"எதுக்குச் சிரிக்கணும்? நாட்டு ஜனங்களுக்குச் சொல்ற திட்டம் இது. எனக்கா சொல்லியிருக்கு?"

அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

அவள் பிள்ளைகளைச் சமையல்கட்டில் ஒளித்து வைத்தாள். அங்கே கவிழ்த்து வைத்திருந்த அண்டாக்களை அவர்கள் மேளமாக்கினார்கள். வரவேற்புரை மூழ்கிப்போனது. பெண்கள் பக்கம் கொண்டுபோய் உட்கார வைத்தாள். மூன்றாவது பையன் மேடையைப் பார்த்து, "அப்பா, ஒண்ணுக்கு வருது" என்று கத்தினான். முன்வரிசை அழகிரியைத் திரும்பிப் பார்த்தது.

அப்போதுதான் டோரதி அவள் கையைத் தொட்டாள்.

டோரதி, எதிரணிப் பேச்சாளர் அமிர்தராஜின் மனைவி. அமிர்தராஜ் ஒரு பண்பாட்டுப் பேரவைக்குத் தலைவர். கருத்தடை பாவம், துரோகம், வெளிநாட்டுச் சதி என்று திருச்சியின் எல்லா மைதானங்களிலும் முழங்கியவர். அவருக்குப் பிள்ளை ஒன்றே ஒன்று. யாராவது கேட்டால், "கடவுள் எங்களுக்கு அளந்தது அவ்வளவுதான்" என்று கைக்குட்டையை எடுப்பார். கேட்டவர்கள் இரக்கத்தோடு டோரதியைப் பார்ப்பார்கள். அவளும் இன்னொரு பிள்ளை கேட்டு வருஷந்தோறும் வேளாங்கண்ணிக்கு நடந்தே போனாள். மாதா கோயில் பங்குப் பெண்கள் சொன்ன கஷாயம் ஒன்றையும் அவள் பாக்கி வைக்கவில்லை. அமிர்தராஜ் ஒவ்வொரு தடவையும் வாசல்வரை வந்து வழியனுப்புவார்.

"ஏழு பிள்ளைங்க எங்க பக்கம் உட்காரட்டுமே" என்றாள் டோரதி. "கொஞ்ச நேரமாவது எனக்கு ஆசையா இருக்கும்."

கணக்கு சரியாக வந்தது. பேச்சாளர் இருவரும் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள், ஸ்ரீரங்கத்தில் அவர்கள் வீட்டு விவரம் யாருக்கும் தெரியாது. அழகிரிக்கு, 'அப்பா' என்று கத்தியவனோடு இரண்டு. அமிர்தராஜுக்கு, சொந்தப் பையனோடு எட்டு. லூர்துராணி தயங்கியபடி அமிர்தராஜைப் பார்த்தாள்.

அவர் யோசித்தார். "நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா பார்க்கிறவங்க தாங்களா நினைச்சுக்கிட்டா அது என் பாவமில்லை."

வள்ளிக்கண்ணு கைக்குழந்தையை டோரதி மடியில் வைத்தாள். "பாலுக்கு அழுதா மட்டும் திருப்பிக் கொடுங்க. மத்ததுக்கு அவசரமில்லை."

அழகிரியின் இரண்டு பிள்ளைகளும், எட்டுப் பிள்ளைகளோடு டோரதியும் மேடையேறினார்கள், வள்ளிக்கண்ணு கீழேயே இருந்துகொண்டாள்.

அழகிரி இரண்டு பிள்ளைகளின் தோளிலும் கைபோட்டுக்கொண்டு, "அளவறிஞ்சு நின்னவன் பேசறேன்" என்று தொடங்கினார். கைதட்டல். வள்ளிக்கண்ணு பெண்கள் பக்கத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று லூர்துராணிக்குத் தெரியவில்லை.

அடுத்து அமிர்தராஜ். எட்டுப் பிள்ளைகளையும் ஒரு கைவீச்சில் காட்டினார். "இதுல எதைப் பிறக்காம தடுத்திருக்கணும்? சொல்லுங்க, எந்த முகத்தை?" பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். டோரதி மடியிலிருந்த குழந்தை சரியான சமயத்தில் சிரித்துத் தொலைத்தது. மண்டபம் அதிர்ந்தது. சடகோபன்கூட, "வம்சம்னா இதுன்னா வம்சம்" என்றார்.

சிரிப்பில்லை, கலாட்டா இல்லை. ஒன்பது பெற்றவன் இரண்டு போதும் என்றான். ஒன்றோடு நின்றவன் எல்லாம் வேண்டும் என்றான். ஊரே இரண்டையும் நம்பியது. உண்மை பேசக்கூடிய ஒரே ஆள் கல்யாணமாகாதவள் என்பதால் தூணோரம் நின்று நாற்காலி எண்ணிக்கொண்டிருந்தாள்.

செபஸ்தியான் அவள் காதருகே குனிந்தார். "பிரமாதம்மா. திங்கட்கிழமை ஆர்டர் கையில வந்துடும்."

வெங்காய மண்டி மெல்ல விலகிப்போவதை லூர்துராணி உணர்ந்தாள்.

ஒரே ஒரு ஆளிடம் மட்டும் ஏற்பாட்டைச் சொல்ல அவள் மறந்திருந்தாள். அவர் மருதை. ஆஸ்பத்திரியில் கட்டுப்போடும் ஊழியர். மாற்றலாகித் திருச்சிக்கு வந்து இரண்டு மாதம்தான். படங்கள் பரப்பிய கண்காட்சி மேஜைக்குக் காவலாக உட்கார வைத்திருந்தாள். அவர் அமிர்தராஜைப் பார்ப்பதும், பிள்ளைகளை விரல் விட்டு எண்ணுவதும், வேர்வையைத் துடைப்பதுமாக இருந்தார்.

நன்றியுரை முடிந்தது. மைக்கை அணைக்க ஆள் வருவதற்குள் மருதை மேடையேறிவிட்டார். அமிர்தராஜ் முன்னால் கைகட்டி நின்றார். தொழில்மேல் பக்தி உள்ளவர்.

"சார், அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி பச்சைமலை அடிவாரக் கேம்ப்ல உங்களுக்குப் பிள்ளை பொறக்காம ஆபரேஷன் பண்ணப்ப கட்டுப் போட்டவன் நான்தான், அம்மா மடியில கைக்குழந்தை இருக்குன்னா எங்க டாக்டர் எங்கேயோ தப்புப் பண்ணியிருக்கார், நாளைக்குக் கொஞ்சம் ஆஸ்பத்திரிப் பக்கம் வந்து காட்டுங்க சார்."