ஏரிக்குள் இருந்த எங்கள் வீடு

திருத்தணியில் மேப் நைனாவிடம் வழி கேட்டு ஒழுங்காக இடம் போய்ச் சேர்ந்தவர் ஒருத்தரும் கிடையாது. அரக்கோணம் பழைய பேப்பர் கடையில் வெள்ளைக்காரன் காலத்து சர்வே மேப் ஒன்று கையில் சிக்கியதிலிருந்து மனுஷன் அதற்குள்ளேயே குடியேறிவிட்டார். மலை, ஏரி, கால்வாய், நஞ்சை எல்லாம் அதில் கலர் கலராக இருக்கும். அதற்குப் பிறகு வந்த தெருவெல்லாம் அவர் கணக்கில் சும்மா.

பேங்க் வாசலைத் தாண்டும்போது லுங்கியை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொள்வார். கேட்டால், "கால்வாய் ஓடுதுப்பா, நனையாதா?" என்பார். ஏடிஎம் வரிசையைப் பார்த்து, "நாத்து நட்ட வயல்ல செருப்போட நின்னுகினு கீறானுங்களே!" என்று தலையில் அடித்துக்கொள்வார். "மலை ஒண்ணுதான் ஒழுங்கா வெச்ச எடத்துல கீது" என்பது அவருடைய தீர்ப்பு.

நாங்களும் ரசித்துக்கொண்டுதான் இருந்தோம், அக்காவைப் பெண் பார்க்க பொதட்டூர்பேட்டையிலிருந்து வந்த நாள் வரைக்கும். ஏற்கெனவே இரண்டு வரன் தட்டிப்போயிருந்தது. இந்த மாப்பிள்ளையை அக்காவுக்குப் போட்டோவிலேயே பிடித்துவிட்டது. செல்போன் காட்டிய சந்தில் வேன் நுழையவில்லை. மாப்பிள்ளையின் அம்மா இறங்கி, போயும் போயும் நைனாவிடம் கேட்டுத் தொலைத்தார்.

"அந்த வூடா? அது ஏரிக்குள்ள கீதும்மா!"

அவ்வளவுதான். ஏரியில் கட்டிய வீடுகளை இடிப்பதை டிவியில் ஓயாமல் காட்டுகிற காலம். உள்ளே வந்தவர்கள் பஜ்ஜியைத் தொடவில்லை. அப்பா பட்டாவைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். அந்தம்மா அதைக் கையில்கூட வாங்கவில்லை. அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் கொதித்துப்போய் நைனாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

"நைனா, நீயே சொல்லு. இங்க எங்க தண்ணி கீது?"

"ஆங், மேப்புல கீதே" என்று கூடத்தில் விரித்தே விட்டார் பாவி.

மாப்பிள்ளையின் அப்பாவுக்கு ஆசை வந்துவிட்டது. குனிந்து, "எங்க வூடு எங்க வருதுன்னு பாருங்க" என்று அடையாளம் சொன்னார். நைனா விரலை ஓட்டி ஓரிடத்தில் நிறுத்தினார்.

"உங்க வூடு சுடுகாட்டுல கீதுங்க."

எனக்கு உயிரே போய்விட்டது. முதலில் சிரித்தது அந்தம்மாதான். "இதுக்கு ஏரியே தேவலை!" என்று பஜ்ஜித் தட்டை இழுத்துக்கொண்டார். தேதி அன்றைக்கே குறித்தாயிற்று.

கல்யாணத்தன்று நைனா மேப்போடு மண்டபத்துக்கு வந்து, மேடையிலேயே அக்காவிடம் பிரித்துக் காட்டினார். நீல ஏரிக்கு நடுவில் பால்பாயிண்ட் பேனாவால் சின்னதாக ஒரு வீடு வரைந்திருந்தார்.

"கட்டிக்கினு போற பொண்ணு, திரும்பி வர்றதுக்கு வூடு வேணாமாம்மா?"

அக்கா மாலையோடு அழுதாள். பக்கத்தில் நின்ற நானும் மூக்கை உறிஞ்சினேன். அந்தப் பாழாய்ப்போன மனுஷன்மேல் அவ்வளவு பிரியம் எனக்கு.