அடுத்த வீட்டு வீரக்கல்

கோலார் மியூசியத்தில் அந்த வீரக்கல்லின் முன்னால் நின்ற தங்கவேலுவின் வயிற்றெரிச்சலில் ஒரு அண்டா சாம்பார் கொதித்திருக்கும்.

கல்லில் வில்லேந்திய வீரன். மாடு மீட்கப் போய்ச் செத்தவனாம். ஆயிரம் வருஷத்து எழுத்தாம். அதெல்லாம் போகட்டும். பக்கத்தில் இருந்த பலகையைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை: 'கொடுத்தவர்: சின்னசாமி, ஸ்கெலட்டன் குடியிருப்பு, கே.ஜி.எஃப்.'

"போன மாசம் வரைக்கும் இந்த வீரன் முதுகு மேல சின்னசாமி பொண்டாட்டி துணி தொவைச்சிக்கினு இருந்தா. சாக்கடை வெட்டக் கல்லைப் புரட்டினானாம், வீரன் வந்துட்டானாம்!"

"அவுங்க அதிர்ஷ்டம். வாய்யா, பஸ் போயிடும்" என்றாள் மனைவி கிருஷ்ணம்மா, கல்லைப் பார்க்காமலே.

முப்பது வருஷம் இரண்டு பேருக்கும் நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் ஒரே ஷிஃப்ட், இறங்கி ஏற ஒரே கேஜ், அடுத்தடுத்த வீடு. சின்னசாமி ரேடியோ வாங்கினால் தங்கவேலுவுக்குக் காது வலிக்கும். ஒரு தடவை சின்னசாமி சட்டை தன் சட்டையைவிட வெளுப்பாக இருந்ததற்கு இரண்டு நாள் பட்டினி கிடந்தார். கிருஷ்ணம்மா எப்படியோ அதே வெளுப்பைக் கொண்டு வந்த பிறகுதான் சோற்றில் கை வைத்தார்.

வீடு திரும்பியதும் கடப்பாரையை எடுத்தார்.

"நம்ம தொவைக்கிற கல்லுக்கு அடியிலயும் எவனாவது இருப்பான்!"

நெம்பினார். கல் இரண்டாகப் பிளந்தது. அடியில் ஒரு பூரான் இருந்தது. அதன் கையில் வில் இல்லை.

மறுநாள் முதல் கிருஷ்ணம்மா துணி மூட்டையோடு சின்னசாமி வீட்டுக்குப் போனாள். அங்கே புத்தம் புது சிமென்ட் மேடை. அடுப்பாக இருந்த எரிச்சல் உலையானது.

கல்லறைக் கல் செதுக்கும் ஆரோக்கியசாமியிடம் ஓடினார்.

"பழைய காலத்து வீரன் ஒருத்தன் வோணும். கையில வில்லு. என் பேரும் கண்டிப்பா வரணும்."

"பேர் இல்லாத கல்லு நான் அடிச்சதே இல்லண்ணே."

ஆயிரம் வருஷத்துக் கல்லில் தங்கவேலு எப்படி வருவார் என்று யோசிக்கப் பொறாமை நேரம் தரவில்லை. எருக்குழியில் பத்து நாள் புதைத்தால் கல் பழசாகிவிடும் என்பது அவர் திட்டம்.

அவர் முடிவெட்டிக்கொள்ளவும், கிருஷ்ணம்மா சந்தைக்கும் போயிருந்த நேரத்தில் கல் கைவண்டியில் ஸ்கெலட்டன் முழுக்க ஊர்வலம் வந்து வாசலில் இறங்கியது. தேவதூதர்களையே செதுக்கிப் பழகிய கை. வீரனுக்கு இரண்டு இறக்கைகள். கீழே, தொழில் பழக்கத்தில், 'தங்கவேலு. மறைவு 1999. இறைவனில் இளைப்பாறுகிறார்.'

தங்கவேலு திரும்பி வந்தபோது வாசலில் நானூறு பேர். யூனியன் மலர்வளையம். சின்னசாமி ஆளுயர ரோஜா மாலையோடு தேம்பிக்கொண்டிருந்தார்.

"யாருப்பா செத்தது?" என்று தங்கவேலு கூட்டத்துக்குள் தலையை நீட்ட, இரண்டு பெண்கள் மயங்கி விழுந்தார்கள்.

சின்னசாமி பாய்ந்து சட்டையைப் பிடித்தார். "பாவி! இன்னாடா இது?"

அந்த நிலையிலும் தங்கவேலு மாலையைக் கண்ணால் அளந்தார். சின்னசாமிக்கு யாரும் இவ்வளவு பெரிய மாலை போட்டதில்லை. அந்த நிம்மதியில் உண்மை வந்துவிட்டது.

"உன் கல்லு மியூசியத்துல கீது. என் கல்லு ஒண்ணாச்சும் அங்க போவணும்னு பார்த்தேன்டா!"

கூட்டத்தில் நின்ற சின்னசாமி மனைவி மாலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மியூசியத்துல கீறதே உங்க கல்லுதாண்ணே! 'அவன் சட்டை மட்டும் வெளுப்பா கீது'ன்னு நீங்க அன்னிக்கு சோறு துன்னாம கெடந்தீங்களே, அப்ப நீங்க ஷிஃப்டுக்குப் போன நேரம் பார்த்து கிருஷ்ணம்மா அக்காவும் நானுந்தான் ரெண்டு வூட்டுக் கல்லையும் மாத்திப் போட்டோம்!"