கரகரப்புக்கு ஓவர்டைம்

ஐம்பத்திரண்டாவது வயதில், வாழ்க்கையில் ஒரு முடிவையாவது நானே எடுப்பது என்று முடிவு செய்தேன். முடிவு செய்ததும் மனைவியிடம் போய், எடுக்கலாமா என்று கேட்டேன்.

"என்ன முடிவு?"

"ஃபஸ் பெடல் வாங்கப் போறேன்."

"பெடலா? நம்மகிட்ட சைக்கிளே இல்லையே."

"கிடாருக்குங்க." பயம் வந்தால் எனக்கு மரியாதையும் கூடவே வந்துவிடும்.

"கிடாரைக் கையாலதானே வாசிக்கிறீங்க?"

"வாசிக்கிறது கையால. இது தரையில இருக்கும். காலால மிதிச்சா சத்தம் கரகரன்னு மாறும்."

"இப்ப எப்படி இருக்கு?"

"இப்ப தெளிவா இருக்கு."

"தெளிவா இருக்கிறப்பவே என்ன வாசிக்கிறீங்கன்னு தெரியல. கரகரப்பு வேறயா? வேண்டாம்."

தீர்ப்பு அவ்வளவுதான். மேல்முறையீடு கிடையாது.

அவளைக் குற்றம் சொல்லக் கூடாது. தண்ணீர் வாரியத்தில் புகார் வாங்குகிற பிரிவில் அவளுக்கு வேலை. காலை முதல் மாலை வரை காதில் போன். குழாயில் தண்ணீர் வரவில்லை என்பார் ஒருத்தர், வந்தது நிற்கவில்லை என்பார் இன்னொருத்தர். எல்லோருக்கும் பதில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வரும்போது அவளிடம் ஒரு வார்த்தை மிச்சம் இருக்காது.

நான் அதற்கு நேர் எதிர். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவன். நாள் முழுக்க நான் பேசுவது மூன்றே வாக்கியம். "சட்டையைக் கழட்டுங்க. மூச்சை இழுத்து அடக்குங்க. இப்ப விடுங்க." எதிரே நிற்பவர் பதில் பேசக் கூடாது. பேசினால் படம் கலங்கிவிடும். மூச்சை விட்டதும் சட்டையை மாட்டிக்கொண்டு போய்விடுவார். இருபத்தாறு வருஷத்தில் ஊரில் பாதிப் பேரின் நெஞ்சுக்குள் பார்த்திருக்கிறேன். ஒருத்தர் நெஞ்சிலும் நான் இல்லை.

மகள் இருந்தவரை இது தெரியவில்லை. அவள் பேசுவாள், நாங்கள் இருவரும் அவளுக்குப் பதில் சொல்வோம். வெளியிலிருந்து பார்த்தால் குடும்பமே கலகலப்பாகப் பேசுகிற மாதிரி இருக்கும். அவளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. பெட்டியோடு கலகலப்பையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அதிகம் பேசியது ஃப்ரிட்ஜ்தான்.

அவள் போன மாதம், கல்லூரிக் காலத்து எலக்ட்ரிக் கிடாரையும் சின்ன ஆம்ப்ளிஃபயரையும் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தேன். புதுக் கம்பி போட்டேன். மகளின் காலி அறையில் உட்கார்ந்து ஒரு கம்பியைத் தட்டுவேன். டிங் என்று கேட்கும். உடனே செத்துப்போகும். அப்புறம் அறை முன்னைவிடக் காலியாக இருக்கும். ஃபஸ் பெடல் போட்டால் தட்டிய சத்தம் சீக்கிரம் போகாது, தேன்கூட்டில் கல் விழுந்த மாதிரி ரொம்ப நேரம் நின்று இரையும் என்று படித்தேன். எனக்கு வேண்டியதும் அதுதான். வந்தவுடன் கிளம்பிப் போகாத ஒரு சத்தம்.

ஆகவே திருட்டுத்தனமாக வாங்குவது என்று தீர்மானித்தேன். "இனிமே சனிக்கிழமை மத்தியானம் ஓவர்டைம்" என்று வீட்டில் சொன்னேன். "ம்" என்றாள்.

கடை ஒரு பழைய கட்டடத்தின் பின்பக்கம், ஒரு செருப்புக் கடைக்கும் போட்டோ ஸ்டூடியோவுக்கும் நடுவில் இருந்தது. கடைக்காரர் ஒல்லி. கழுத்தில் எப்போதும் ஒயர்களை மாலையாகப் போட்டிருப்பார். கலியாண மாப்பிள்ளைக்குக்கூட அத்தனை மாலை விழாது. மனதுக்குள் அவருக்கு ஒயர் என்றே பெயர் வைத்துவிட்டேன்.

"உட்காருங்க சார். அவசரமா?"

என்னை அப்படி ஒருவர் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று! அவசரமே இல்லை என்று சொல்லி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

ஐந்து பெட்டிகளை வரிசையாகத் தரையில் வைத்தார். பச்சையை மிதித்தால் சளி பிடித்த எருமை. சிவப்பை மிதித்தால் தகரக் கூரையில் மழை. சாம்பல் நிறப் பெட்டியை மிதித்தேன். ஒரு சத்தம் கிளம்பியது, கரகரவென்று நின்றது, நின்றுகொண்டே இருந்தது.

"உள்ள இருக்கிற ட்ரான்சிஸ்டர்ல ரெண்டு ஜாதி சார். ஜெர்மானியம், சிலிக்கான். ஜெர்மானியம் மனுஷன் மாதிரி. வெயில் ஏறினா மூடு மாறிடும். சிலிக்கான் எப்பவும் ஒரே சத்தம். உங்க வீட்ல எப்படி?"

"சத்தமே இல்லைங்க."

அவர் என்னைப் பார்த்தார். டீ வாங்கிவர எழுந்து போனார்.

அன்றைக்கு எதுவும் வாங்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று கடைக் கார்டை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினேன். அடுத்த சனிக்கிழமையும் போனேன். மூன்று மணி நேரம் மிதித்தேன். இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்தால், வாசலிலேயே மனைவி.

"என்ன இன்னிக்கு இவ்வளவு நேரம்?"

வழக்கமாகக் கேட்கமாட்டாள். கேட்டுவிட்டாளே என்ற பதற்றத்தில் வாயில் வந்ததை அவிழ்த்துவிட்டேன்.

"ஒரு பெரியவர் வந்தாரு. மூச்சை அடக்குங்கன்னு சொன்னேன். விடுங்கன்னு சொல்ல மறந்துட்டேன்."

"ஐயையோ! அப்புறம்?"

"மனுஷன் அடக்கிக்கிட்டே வராந்தா வரைக்கும் போயிட்டாரு. முகமெல்லாம் சிவந்துபோச்சு. நான் பின்னாடியே ஓடினேன், 'விடுங்க, விடுங்க'ன்னு. பக்கத்துல நின்னவர் அவரை நான்தான் பிடிச்சு வச்சிருக்கேன்னு நினைச்சு, 'விடுய்யா பெரியவரை'ங்கறாரு!"

அவள் சிரித்தாள். சுவரில் கை ஊன்றிக்கொண்டு சிரித்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் பல்வரிசையைப் பார்த்தேன். ஏமாற்றுவது இவ்வளவு சுலபமா என்று எனக்கு என்மேலேயே மதிப்பு கூடிவிட்டது.

மூன்றாவது வாரம் ஒயரிடம், "சாம்பல் பெட்டியைக் கட்டிடுங்க" என்றேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"அவசரப்படாதீங்க சார். வீட்ல ஹம் உண்டா?"

"என் மனைவிக்குப் பாடற பழக்கம் இல்லைங்க."

"கரண்ட் ஹம் சார். ம்ம்ம்னு ஒரு சத்தம்."

"எங்க வீட்ல ம்ம்ம் மட்டும்தாங்க உண்டு."

"ஃபஸ் அதையும் சேர்த்துப் பெருசாக்கிடும். ஃப்ரிட்ஜ்தான் காரணமா இருக்கும். நகர்த்தி, பின்னாடியெல்லாம் துடைச்சு, வேற சுவர் பக்கம் வச்சுட்டு வாங்க."

வீட்டில் என்ன சொல்லி ஃப்ரிட்ஜை நகர்த்துவது? யோசித்துக்கொண்டே வந்தேன்.

"எங்க பெரிய டாக்டர் சொன்னாரு, பாதி இருமலுக்கு ஃப்ரிட்ஜ் பின்னாடி இருக்கிற தூசிதான் காரணமாம்."

"நமக்குத்தான் இருமலே இல்லையே?"

"இனிமே வருமாம்."

"பெரிய டாக்டரே சொல்லிட்டாரா!" என்றவள் உள்ளே போய், துடைப்பத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

நாலாவது வாரம், சமையலறையில் ஈரம் ஊறிய சுவர் இருந்தால் எர்த் கோளாறு வரும் என்றார் ஒயர். சுரண்டி, பட்டி பார்த்து, வெள்ளை அடித்தேன். ஐந்தாவது வாரம், பரணில் அடைத்திருக்கும் பழைய பாத்திரம் எல்லாம் கனத்த சத்தத்துக்கு அதிரும் என்றார். பரணைக் காலி செய்தேன். ஒவ்வொன்றுக்கும் பெரிய டாக்டர் ஒரு காரணம் சொன்னார். பாவம், அப்படி ஒருவர் எங்கள் ஆஸ்பத்திரியில் இல்லவே இல்லை. ஆனால் மனைவிக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. சனிக்கிழமை ஆனால் வேலையிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டு எதிரே உட்கார்ந்துவிடுவாள். "இன்னிக்கு என்ன சொன்னாரு?" நான் அளப்பேன். நர்ஸோடு அவர் சண்டை போட்டது, லிஃப்டில் மாட்டிக்கொண்டது, எல்லாம். அவள் கன்னத்தில் கைவைத்துக் கேட்பாள். மற்ற ஆறு நாளும் பழையபடி ம்.

ஆறாவது வாரம்தான் எனக்கு லேசாகச் சந்தேகம் தட்டியது.

"ஜன்னல் திரையைத் துவைக்கறதுக்கும் ஃபஸ்ஸுக்கும் என்னங்க சம்பந்தம்?"

"அழுக்குத் திரை ட்ரெபிளை, அதான் மேல் சத்தத்தை, தின்னுடும் சார்" என்றார் ஒயர். என் முகத்தைப் பார்க்காமல், ஒரு பெட்டிக்குள் ஈயம் பற்றவைப்பதிலேயே கண்ணாக இருந்தார். படித்தவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று துவைத்தேன்.

ஏழாவது சனிக்கிழமை சாம்பல் பெட்டி எனக்குக் கிடைத்தது. எக்ஸ்ரே உறைக்குள் வைத்து, நெஞ்சோடு அணைத்து, வீட்டுக்குள் கடத்தி, மகளின் அலமாரியில் ஒளித்தேன். மறுநாள் காலை, மனைவி வாசல் பக்கம் இருந்த நேரமாகப் பார்த்து வெளியே எடுத்தேன். அப்போது அழைப்பு மணி அடித்தது.

"வாங்க தம்பி, உள்ள வாங்க" என்று அவள் குரல். எட்டிப் பார்த்தேன். கூடத்தில் நின்றிருந்தார் ஒயர், கழுத்து மாலை சகிதம். அவருக்கு நான் விலாசமே கொடுக்கவில்லை.

"சார் ஒரு சின்ன ஒயரைக் கடையிலேயே விட்டுட்டுப் போயிட்டாருக்கா. குடுத்துடுங்க" என்றவர் நிமிர்ந்து, சமையலறைப் பக்கம் பார்த்தார். "அட, சுவர் பளிச்சுனு வந்திருக்கே! பரண்?"

"ஆச்சு தம்பி."

"திரையும் ஆச்சு போல. அடடா, ஃபேனை விட்டுட்டேனேக்கா! ஒரு வாரம் முன்னாடி சொல்லியிருந்தா அதையும்..."

அப்போதுதான் என்னைப் பார்த்தார். வாய் திறந்தபடியே நின்றது. ஒயரை மேஜைமேல் வைத்துவிட்டு, "கடையைத் திறக்கணும்" என்று படியிறங்கினார். ஞாயிற்றுக்கிழமை அவர் கடை விடுமுறை.

கூடத்தில் நாங்கள் இருவர். ஃப்ரிட்ஜ்கூடப் பேசவில்லை. நகர்த்திய பிறகு அது அமைதியாகிவிட்டது.

"எத்தனை நாளா?" என்றேன்.

"முதல் வாரத்திலிருந்தே. துவைக்கிறப்ப சட்டைப் பையில கடைக் கார்டு இருந்துச்சு. நம்பரைப் பார்த்தா நான் போன் பண்ணாம இருப்பேனா? என் பொழைப்பே அதானே."

"திட்டவா பண்ணின?"

"திட்டத்தான் பண்ணினேன். அவர் மெதுவாச் சொன்னாரு, 'அக்கா, சார் பெடல் பார்க்க வரல. பேச வர்றாரு'ன்னு."

நான் ஜன்னலைப் பார்த்தேன். திரை வெளுப்பாக இருந்தது.

"அந்த வாரம்தான் நீங்க வந்து, மூச்சு அடக்கின பெரியவர் கதையைச் சொன்னீங்க. பொய்யுன்னு தெரியும். ஆனா இந்த வீட்ல நீங்க அவ்வளவு நேரம் என்கிட்ட பேசி எத்தனை நாளாச்சு? பெடல் கைக்கு வந்துட்டா சனிக்கிழமை முடிஞ்சிடும். நீங்க அந்த ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திப்பீங்க. அதான், லேசுல வித்துடாதீங்க தம்பின்னு கேட்டுக்கிட்டேன்."

"அப்ப ஃப்ரிட்ஜு? சுவரு?"

"சும்மா இழுத்தடிக்கச் சொன்னா அவரும் என்ன பண்ணுவாரு? காரணம் வேணும்ல. கையோட நாலு வேலையும் ஆகட்டும்னு நான்தான் எழுதிக் குடுத்தேன்."

கோபம் வந்தது. உலகத்தில் எனக்கென்று ஒரே ஒரு ஆள் கிடைத்தார் என்று நினைத்திருந்தேன். அவரும் எனக்கு ஒத்து ஊதுகிற மாதிரி காட்டி அவளுக்குத்தான் ஊதியிருக்கிறார். மகளின் அறைக்குள் போனேன். ஒயரை மாட்டினேன். பெட்டியை மிதித்தேன். ஒரு கம்பியைத் தட்டினேன்.

சத்தம் எழுந்தது. கரகரவென்று அறை முழுக்க நிறைந்து நின்றது. போகவில்லை. நான் எதிர்பார்த்ததைவிட அதிக நேரம் நின்றது. அது அடங்கிய பிறகு திரும்பிப் பார்த்தால், கதவோரம் அவள். அவளும் போகவில்லை. இத்தனை நாள் அடுத்த அறையில் அவளும் என் மாதிரிதான் உட்கார்ந்திருந்தாள் என்பது என் மரமண்டைக்கு அப்போதுதான் எட்டியது.

"உட்காரு" என்றேன். மகளின் கட்டிலில் உட்கார்ந்தாள்.

இனி பொய் வேண்டாம் என்று முடிவு செய்தேன். ஏழு வாரமும் கடையில் நடந்ததை ஒளிக்காமல் சொல்ல ஆரம்பித்தேன். பச்சைப் பெட்டிக்கும் சிவப்புப் பெட்டிக்கும் என்ன வித்தியாசம், ஜெர்மானியம் ஏன் வெயிலில் முரண்டு பிடிக்கிறது, பேட்டரி தீரத் தீர ஏன் சத்தம் இனிக்கிறது. மனதில் இருந்தது எல்லாவற்றையும் கொட்டினேன். இருபத்தைந்து வருஷத் தாம்பத்தியத்தில் நான் அவளிடம் பேசிய மிக நீளமான உண்மை அது.

அவள் கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள். கொஞ்ச நேரத்தில் கை நழுவியது. வாயைப் பொத்திக்கொண்டு ஒரு கொட்டாவியை விழுங்கினாள். எழுந்து போய் ஸ்டூலையும் ஒரு ஈரத் துணியையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"இதெல்லாம் இருக்கட்டுங்க. இந்த வாரம் பெரிய டாக்டர் என்ன பண்ணினாரு? ஃபேனைத் துடைச்சுக்கிட்டே சொல்லுங்க."