மாமியார் மோதிரமும் நிலக்கரி அடுப்பும்

ஷெனாண்டோவா, பென்சில்வேனியா
12 அக்டோபர் 1961

அன்பும் மதிப்பும் மிக்க மச்சான் யுராய் அவர்களுக்கு,

ஸ்டீஃபன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை வெரோனாவும் நலம். அதாவது, அவள் நலம்.

மே மாதம் அடுப்பை அணைத்த கையோடு, திருடன் கண்ணில் படாத இடமென்று உங்கள் அம்மாவின் தங்க மோதிரத்தை அதற்குள் ஒளித்து வைத்தேன். ஊரில் பாதிப் பேர் செய்வதுதான். பஃபலோவில் மூத்த மகன் வீட்டில் ஒரு வாரம் இருந்துவிட்டு நேற்றுத் திரும்பினால் வீடு கதகதவென்று இருக்கிறது. "குளிர்ல வருவீங்கன்னு காலையிலேயே பத்த வச்சிட்டேன்!" என்கிறாள் பக்கத்து வீட்டு மிசஸ் கோவல்சிக். வாளி வாளியாகக் கரி கொட்டி, காற்றுக்கு அடுப்பின் கீழ்க்கதவையும் திறந்து வைத்திருக்கிறாள் புண்ணியவதி. ஞாயிற்றுக்கிழமை நம் மகள் அன்னாவுக்குக் கல்யாணம், அந்த மோதிரம்தான் அவள் விரலில் ஏற வேண்டும். தண்ணீர் ஊற்றினால் அடுப்பு விரிசல் விடும். கிளறலாமென்றால் உங்கள் தங்கை அதன் முன்னால் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். தொலைபேசியோ அவள் தலைக்கு மேல்.

"யாருக்கு எழுதறீங்க?"

"உங்கண்ணனுக்குத்தான்."

"அதிசயமா இருக்கே! சரி, இன்னும் ரெண்டு வாளி போடுங்க, முதுகு சில்லுங்குது."

போட்டேன் மச்சான், என் கையாலேயே போட்டேன்.

முப்பது வருடம் இரும்பாலையில் உலை பார்த்தவர் நீங்கள். தங்கம் உருக 1,948 டிகிரி ஃபாரன்ஹீட் வேண்டுமாம், பஞ்சாங்கத்தில் போட்டிருக்கிறது. விறகாக இருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். நம்மூர்க் கரி காற்று கிடைத்தால் இரண்டாயிரத்தைத் தாண்டும் என்கிறார்கள். அடுப்பின் வார்ப்பிரும்பு உருகுவது 2,150இல்; அடுப்பு இன்னும் நிற்கிறது. நடுவிலுள்ள இருநூறு டிகிரியில்தான் என் இல்வாழ்க்கை தொங்குகிறது. மோதிரம் பிழைக்குமா என்று ஒரே வார்த்தை எழுதி, இதைக் கொண்டுவரும் கரி லாரிக்காரரிடமே கொடுத்தனுப்புங்கள்.

உங்கள் வீட்டம்மாவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். எனக்காகவும் மாதாவிடம் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுங்கள்.

தங்கள் மைத்துனன்,
ஸ்டீஃபன்

பி.கு.: வெரோனா பின்னால் வந்து நின்று எல்லாவற்றையும் படித்துவிட்டாள். "அட மக்கு மனுஷா, அடுப்புல எவனாவது வைப்பானா? ஜூன்லயே எடுத்துப் பழைய அலுமினியக் காபிப் பாத்திரத்துல போட்டுட்டேனே!" என்கிறாள். மச்சான், கொல்லையிலுள்ள உலையில் உருக்கி வார்க்க வேண்டுமென்று போன மாதம் நீங்கள் வாங்கிப்போன பழைய அலுமினிய மூட்டையில் அந்தப் பாத்திரத்தை நான்தான் திணித்தேன். அலுமினியம் 1,220லேயே உருகுமாம், உருகினால் தங்கத்தையும் தனக்குள் கரைத்துக்கொள்ளுமாம். உங்கள் உலையைப் பற்ற வைத்துவிட்டீர்களா?