பதினான்கு புட்டி முந்திரிப்பழ ஒயின் பற்றி

குல்சேகர், மங்களூர்
17 ஏப்ரல் 1991

மரியாதைக்குரிய ஹிலரி பாவோஜி அவர்களுக்கு,

தங்கள் மைத்துனன் லிகோரி மஸ்கரேனஸ் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நானும் செவ்ரினும் மகள் சபீனாவும் இங்கே நலம், அதாவது யாருக்கும் கைகால் முறியவில்லை. தாங்களும் அப்போலின் அக்காவும் பம்பாய் வெயிலில் வாடாமல் இருக்க வேண்டுமென்று சனிக்கிழமை கோயிலில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். எங்களுக்கும் ஒன்று ஏற்றியிருக்கலாம் என்பது மறுநாள்தான் தெரிந்தது.

மே பன்னிரண்டாம் தேதி சபீனாவின் கல்யாணத்தில் தாங்கள் மேடையேறி டோஸ்ட் சொல்லும்போது எல்லோர் கையிலும் உயர்த்துவதற்கு ஒயின் வேண்டும், அதைக் கடையில் வாங்கினால் முந்தின நாள் ரோஸ் சடங்கில் பெண்ணின் தலையில் தேங்காய்ப்பாலுக்குப் பதில் கஞ்சித் தண்ணீர்தான் ஊற்ற வேண்டிவரும் என்று எழுதியிருந்தேன் அல்லவா. அதற்குத் தாங்கள் அன்போடு ஒரு பத்திரிகையிலிருந்து கத்தரித்து அனுப்பிய 'குறைந்த செலவில் வீட்டு ஒயின்' குறிப்பு கிடைத்தது. அதில் கறுப்புத் திராட்சை ஐந்து கிலோ என்று இருந்தது. சந்தையில் திராட்சைக்காரன் சொன்ன விலையைக் கேட்டு, கையிலெடுத்த குலையை அவனிடமே கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், நம் மேட்டிலுள்ள முந்திரி மரங்களின் அடியில் கொட்டை கிள்ளிய பழம் கேட்பாரில்லாமல் அழுகிக்கொண்டிருக்கிறது. "பழம்னா பழந்தானே" என்றேன். செவ்ரின் குறிப்பை வாங்கி இரண்டு பக்கமும் படித்துவிட்டு, "இதுல முந்திரின்னு எங்க இருக்கு?" என்றாள். "வேணாம்னும் எங்கயும் இல்லயே" என்றேன். குருத்தோலை ஞாயிறு பூசை முடிந்து வந்ததும், இரண்டு கூடை முந்திரிப்பழம், கறுத்துப்போன அன்னாசி ஒன்று, ரேஷன் சர்க்கரை, ஒரு கை கோதுமை, கிராம்பு, பேக்கரியில் கெஞ்சி வாங்கிய ஈஸ்ட் எல்லாவற்றையும் ஊறுகாய் ஜாடியில் போட்டேன். ஈஸ்ட் ஒரு சிறு கரண்டி என்று குறிப்பில் இருந்தது. நம் வீட்டுக் கரண்டிகளில் எது சிறியது என்பதில் எனக்கும் செவ்ரினுக்கும் கருத்து வேறுபாடு வந்தது. நான் என் கருத்துப்படி போட்டேன்.

இருபத்தோராம் நாள் போன ஞாயிற்றுக்கிழமை. காலையில் வடிகட்டினேன். நிறம் அழகாக, ஆஸ்பத்திரி மருந்துபோல் இருந்தது. மொத்தம் பதினான்கு புட்டி. "முன்னூறு பேருக்குப் பதினாலு புட்டியா? குடிக்கவா, மோந்து பாக்கவா?" என்றாள் செவ்ரின். நான் தக்கை செய்துகொண்டிருந்தேன். தக்கை கடையில் கிடைக்கிறது, ஆனால் தேய்ந்த ஹவாய் செருப்பு ஒரு ஜோடி வீட்டிலேயே சும்மா கிடக்கும்போது எதற்கு வாங்குவது? வட்டமாக வெட்டி, புட்டிக்குள் திணித்து, ஒன்றுகூடக் கசியாதபடி சுத்தியலால் தட்டி இறக்கினேன். நுரை அடங்குகிறவரை இறுக்கி மூடக் கூடாது என்று குறிப்பின் பின்பக்கம் இருந்ததாம். பின்பக்கத்தை நான் தலைவலித் தைல விளம்பரம் என்று நினைத்திருந்தேன், பாவோஜி. மிச்சமான சக்கையைக் கொல்லையில் கொட்டினேன். ரோஸ் விருந்துக்காக வளர்க்கும் நம் பன்றி அங்கேதான் இருக்கிறது. அதற்குப் பெயர் வைக்காதே, பிறகு வெட்டும்போது மனசு கேட்காது என்று சபீனாவிடம் சொல்லியிருந்தேன். அவள் வைத்துவிட்டாள், என்னிடம் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

மாலை நான்கு மணிக்குக் கின்னிகோளியிலிருந்து சம்பந்தி துல்சின் லோபோவும் அவர் மனைவி ஃப்ளோரின் பாயியும் வந்தார்கள். மாப்பிள்ளை வலேரியன் வரவில்லை, தோட்டத்தில் பாக்குப் பறிப்பாம். துல்சின் பாப் நல்ல மனிதர், பேசவே மாட்டார். ஃப்ளோரின் பாயி அவருக்கும் சேர்த்துப் பேசுவார். கல்யாணத்தன்று சபீனாவுக்குப் போட வேண்டிய பிர்துக் தாலிச் சங்கிலியைக் கைப்பையில் கொண்டுவந்திருந்தார், நீளம் பார்க்க. பார்த்தார். திரும்பப் பைக்குள் வைத்தார். பையின் வாரைக் கையில் சுற்றிக்கொண்டு, "லிகோரி பாப், மனசுல இருக்கறத சொல்லிடறேன். பொண்ணு ரொம்ப மெலிசு. எங்க வீட்ல பதினோரு மாடு. ஒரு கன்னுக்குட்டி திமிறினா இவ அதோட போயிடுவா. கல்யாணத்த டிசம்பருக்குத் தள்ளி வெப்போம். அதுக்குள்ள கொஞ்சம் சதை போடட்டும்" என்றார். தள்ளி வைத்த கல்யாணம் நம் பக்கத்தில் என்ன ஆகும் என்று தங்களுக்குத் தெரியும். செவ்ரினின் முகம் வெளுத்துவிட்டது. பி.எஸ்ஸி. படித்த சபீனா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த நேரத்தில் பன்றி உள்ளே வந்தது. அவசரமில்லாமல், நடு ஹாலில், ஒவ்வொரு நாற்காலியையும் விசாரித்துக்கொண்டு வந்து, ஃப்ளோரின் பாயியின் பாதத்தில் தலையை வைத்துக் குறட்டை விட ஆரம்பித்தது. "இதுக்கு என்ன?" என்றார் அவர். "வெயில்" என்றேன். அவர் குனிந்து முகர்ந்தார். "இந்த வீட்ல பன்னிகூடக் குடிக்குமா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், புட்டிகளை அடுக்கியிருந்த உக்கிராண அறையில் 'டொப்' என்று ஒரு சத்தம்.

"அது என்ன?"

"ஓடு. ஏப்ரல் வெயில்ல ஓடு வெடிக்கும்."

இன்னொரு டொப். "ரெண்டாவது ஓடா?" என்று துல்சின் பாப் கேட்டார். அன்று அவர் பேசிய முதல் வார்த்தை. மூன்றாவது தக்கை கதவு வழியாகப் பறந்து வந்து அவருடைய டீ கோப்பைக்குள் நேராக விழுந்தது. அவர் அதைக் கரண்டியால் எடுத்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, "ஹவாயா?" என்றார். "ஆமா, ஒம்பதாம் நம்பர்" என்றேன். வேறு என்ன சொல்ல?

அதற்குப் பிறகு ஒன்பது புட்டி சேர்ந்தாற்போல் வெடித்தது. பன்றி பதறி எழுந்தது. எழுந்தபோது ஃப்ளோரின் பாயியின் கைப்பை வார் அதன் கழுத்தில் மாட்டிக்கொண்டது. அவர் விட்டிருந்தால் பை மட்டும் போயிருக்கும், விடவில்லை, வாசல்படிவரை கூடவே போனார், அங்கே உட்கார்ந்துவிட்டார். பன்றி மூன்று தலைமுறைச் சங்கிலியோடு வேலியைத் தாண்டி, ஓட்டுத் தொழிற்சாலைக்கு மண்ணெடுத்த குழியை நோக்கி ஓடியது. நான் ஓடினேன், துல்சின் பாப் கரண்டியோடு ஓடினார், இருவரும் கரையில் நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சேறு இடுப்பளவு. பன்றி நடுவில் நிற்கிறது, பை அதன் காதோரம் தொங்குகிறது.

எங்களைத் தள்ளிக்கொண்டு சபீனா வந்தாள். பட்டுப் புடவையை முழங்காலுக்கு மேல் சொருகிக்கொண்டு அப்படியே இறங்கினாள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பாவோஜி, அதற்கு அவள் வைத்த பெயர் லிகோரி. பன்றி திரும்பிப் பார்த்தது, நானும் பார்த்தேன். அந்த ஒரு நொடியில் பின்னங்காலைப் பிடித்துப் புரட்டி, முட்டியால் அழுத்தி, பையைக் கழற்றி, பல்லில் கடித்துக்கொண்டு, பன்றியையும் காலைப் பிடித்துக் கரைக்கு இழுத்துவந்தாள். ஃப்ளோரின் பாயி நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். பையைத் திறக்கவில்லை. சபீனாவின் மேல்கையை அமுக்கிப் பார்த்தார். "எத்தன கிலோ இருக்கும் அது?" என்று கேட்டார். "எழுபது இருக்கும் மாமி." ஃப்ளோரின் பாயி தன் கணவரைப் பார்த்து, "மே பன்னெண்டே இருக்கட்டும்" என்றார். அதைக் கேட்டதும் செவ்ரின் வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், ஆனால் நான் அழுததற்குக் காரணம் வியர்வை என்று சொல்லிக்கொண்டேன்.

ஆக, பாவோஜி, கல்யாணம் நடக்கிறது, ஒயின் இல்லை. உக்கிராண அறையின் சுவரில் பதினோரு இடத்தில் செருப்பு அச்சு இருக்கிறது, சுண்ணாம்பு அடித்தாலும் தெரிகிறது. தப்பியது இரண்டே புட்டிகள், அவற்றை நாளைக் காலை வாழைக்கு ஊற்றிவிடுவேன். இனி என் கையால் ஒரு பழத்தைக்கூட ஊறவைப்பதில்லை என்று செவ்ரினிடம் சிலுவையைத் தொட்டுச் சொல்லிவிட்டேன். தயவுசெய்து டோஸ்டுக்கு அங்கிருந்தே நல்ல கடை ஒயின் வாங்கி வாருங்கள். அக்காவுக்கு என் அன்பு. தங்கள் முழங்கால் வலி குறையவும், ரயிலில் கீழ்ப் படுக்கை கிடைக்கவும் ஆண்டவர் அருள்வாராக.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள மைத்துனன்
லிகோரி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் ஃப்ளோரின் பாயி பஸ்ஸில் தனியாக வந்திறங்கினார், விட்டுப்போன குடையை எடுக்க. குடை அவர் கையிலேயே இருந்தது. "மீந்துபோனத என்ன பண்ணப் போறீங்க?" என்றார். வாழைக்கு என்றேன். "வாழைக்கு எதுக்கு?" என்று ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தார். கிராம்பு அதிகம் என்றார். இரண்டாவதில் சர்க்கரை குறைவு என்றார். மூன்றாவதில் தன் கல்யாணத்தன்று பாடிய பாட்டைப் பாடினார். இப்போது புடவையைச் சொருகிக்கொண்டு செவ்ரினோடு கொல்லையில் முந்திரிப்பழம் பிழிந்துகொண்டிருக்கிறார், இரண்டு ஜாடி. நான் சிலுவையைத் தொட்டது என் கையைப் பற்றி மட்டும்தான், அவர்கள் கையைப் பற்றி அல்ல என்று செவ்ரினே சொல்லிவிட்டாள். ஆகவே கடை ஒயின் வேண்டாம். ஈஸ்ட் மட்டும் நான்கு பொட்டலம் உடனே தபாலில் அனுப்புங்கள். அக்கா கேட்டால் கேக்குக்கு என்று சொல்லுங்கள்.