வறுவல் ஆசானின் மூக்கு

பரந்தாமனின் மூக்கு காலையிலேயே அடைத்துவிட்டது. கூட்டம் நாலு மணிக்கு.

வறுத்துக் கொட்டிய காபிக்கொட்டையை அள்ளி முகத்தருகே கொண்டுபோனார். சூடு தெரிந்தது. வாசனை தெரியவில்லை.

"இந்த மாசம் போவலன்னா இன்னா? சளின்னு சொல்லி அனுப்பு" என்றாள் மனைவி வசந்தா.

"ஆசானுக்குச் சளின்னு சொல்ல சொல்றியா?"

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரத்தில் காபி வறுத்து விற்கும் எட்டுப் பேர், அறுபத்தெட்டாம் வருடம் கூடி, தங்களில் ஒருவரான பரந்தாமனை ஆசானாக வைத்து ஒரு கற்றல் கழகம் கண்டிருந்தார்கள். மாதம் ஒரு நாள் எட்டு வறுவல், ஒவ்வொருவர் முன்னாலும் எட்டு டம்ளரில் டிக்காஷன். டம்ளர் அடியில் வரிசை எண் ஒட்டியிருக்கும். எது யாருடையது என்பது காய்ச்சும் முனியம்மாவுக்கு மட்டுமே தெரியும். குடித்துப் பார்த்து, சிறந்தது எது, மோசம் எது என்று சீட்டில் எழுத வேண்டும். மோசம் என்று பேர் வாங்கியவர் அடுத்த மாதம் எல்லோர் முன்னிலையிலும் வறுத்துத் திருத்தம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஏழு பேர் அப்படி நின்றிருக்கிறார்கள். பரந்தாமன் நின்றதில்லை. தன் வறுவலை வாசனையிலேயே கண்டுபிடித்துச் சிறந்தது என்று எழுதிவிடுவார். மற்ற ஏழு பேரும் அதையே எழுதுவதில் அவருக்கு வியப்பு வந்ததில்லை. வியப்பெல்லாம் தன்னைச் சந்தேகிக்கிறவர்களுக்கு.

இன்று தன் வறுவலைத் தானே மோசம் என்று எழுதிவிட்டால்?

வசந்தா சுக்கு மிளகு கஷாயம் கொடுத்தாள். அவசரத்தில் கொதிக்கக் கொதிக்க விழுங்கினார். மூக்கு திறக்கவில்லை, நாக்கு வெந்துபோயிற்று.

அம்பத்தூரில் ரயிலிலிருந்து இறங்கியதும் பெட்டிக் கடையில் மூக்குப்பொடி வாங்கி மூக்கின் இரண்டு துளையிலும் ஏற்றினார். தும்மல் உச்சிவரை வந்து அங்கேயே நின்றுவிட்டது. வரவும் இல்லை, போகவும் இல்லை.

கடைசியில், மேனாம்பேட்டில் கஜபதியின் கொட்டகைக்குள் நுழையும்போது, ஒரு வழி தோன்றியது. எதிரில் உட்காரும் கஜபதிக்கு எதையும் மறைக்கத் தெரியாத முகம். அதைப் பார்த்து எழுதிவிட்டால் போயிற்று. நான்கு வருடமாகத் தன்னிடம் படித்தவனைப் பார்த்து எழுதுவது அவமானம்தான். ஆனால், வெளியில் தெரியாத அவமானத்தோடு வாழ்ந்துவிடலாம் என்று பட்டது.

முதல் டம்ளரை உதட்டில் வைத்துக்கொண்டு கஜபதியைப் பார்த்தார். கஜபதியும் டம்ளரை உதட்டில் வைத்தபடியே இருந்தார். யாரும் அசையவில்லை. டிக்காஷன் ஆறியது.

"இன்னா ஒரு கவனம் பாத்தியா" என்று பக்கத்தில் இருந்தவரிடம் முணுமுணுத்தார் கழகத்துச் சுலைமான்.

ஐந்தாவது டம்ளரில் தும்மல் அசைந்தது. பரந்தாமனின் முகம் சுருங்கி, கண்ணில் நீர் முட்டியது. அடக்கிக்கொண்டு நிமிர்ந்தபோது எதிரே கஜபதியின் முகமும் சுருங்கியிருந்தது. அப்பாடா, ஐந்துதான் மோசம். ஆறாவதில் தும்மல் தானாக அடங்கியது. கஜபதியின் முகமும் மலர்ந்திருந்தது. ஆறு சிறந்தது.

சுலைமான் சீட்டுகளைப் படித்தார். எட்டிலும் ஐந்து மோசம், ஆறு சிறந்தது.

"எட்டுப் பேருக்கும் ஒரே நாக்கு. நாலு வருசப் படிப்பு வீணாப் போவல, மாமே" என்றார் சீட்டை மடித்து.

முனியம்மா டம்ளர்களைக் கவிழ்த்துப் பார்த்துச் சொன்னாள். ஆறு, மூன்று மாதமாக மோசம் வாங்கிய சுலைமானுடையது. ஐந்து, பரந்தாமனுடையது.



"அடுத்த மாசம் நீங்க வறுங்க ஆசானே" என்றார் கஜபதி மிகுந்த பணிவோடு. "நாங்க திருத்தறோம்."

பரந்தாமன் எழுந்து கொல்லைப்புறம் போனார். முனியம்மா டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள்.

"முனியம்மா, டிக்காஷன மாத்தி கீத்தி ஊத்திட்டியா?"

"இல்ல நைனா."

"அப்புறம் எப்பிடி எட்டுப் பேரும் ஒண்ணே மாதிரி எழுதுவாங்க?"

முனியம்மா அடுத்த டம்ளரை எடுத்துச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள்.

"காபிய யாரு நைனா பாத்தா? நாலு வருசமா அல்லாரும் உங்க மூஞ்சியப் பாத்துதான எழுதிகினு கீறாங்க."